தன் துயர் தீரச் செய்யும் தொண்டு

உள்ளம் நொந்தவர்கள் ஊரை விட்டு விலகிக் காட்டையும் மலையையும் கடற்கரையையும் நாடுவது பழைய வழக்கம். துறவியர் நாடினர், புலவர் நாடினர், பிணியாளரும் நாடினர். நம் காலத்தில் இவ்வழக்கம் புதியதோர் உருவம் பெற்றிருக்கிறது. மனச்சோர்வுற்றோர், அன்புக்குரியவரை இழந்தோர், போதைப் பழக்கத்தினின்று மீள முயல்வோர், நெடுநோயிலிருந்து எழுந்தோர் ஆகியோர் மரங்களுக்கிடையே சில நாள் தங்கி அமைதி பெற முயல்கின்றனர். அவருள் சிலர் வெறுமனே தங்கியிராமல் கன்று நடுதல், களை அகற்றுதல், கடற்கரைக் குப்பை பொறுக்குதல் முதலிய தொண்டுகளில் ஈடுபடுகின்றனர். அத்தொண்டு தமக்கு ஆறுதல் தந்ததாகவும் சொல்கின்றனர்.

இங்கே ஓர் அறவியல் வினா எழுகிறது. பிறர்க்கெனச் செய்வதே தொண்டு என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவ்வாறாயின், தன் மனநோவு தீர வேண்டும் என்பதற்காக ஒருவர் சதுப்பு நிலத்தில் இறங்கிக் கன்று நட்டால் அது தொண்டாகுமா? தன்னலமே தொண்டின் ஆடையை உடுத்தி வந்ததாகக் கொள்ள வேண்டுமா?

இதனைச் சொல் விளையாட்டென்று ஒதுக்கிவிடலாகாது. துயருற்ற ஒருவரிடம், "நீ செய்வது உனக்காகத்தானே?" என்று கேட்டுவிட்டால், அவர் நாணித் தம் கையிலுள்ள மண்வெட்டியைக் கீழே வைத்துவிடக்கூடும். மறுபுறம், எதைச் செய்தாலும் மனம் நிறைந்தால் போதும் என்று விட்டுவிட்டாலோ, தொண்டு என்ற சொல்லே பொருளிழந்து போகும். புறப்பாட மதிப்பெண்ணுக்காகத் தொண்டு செய்யும் மாணவர்களை நாள்தோறும் காணும் ஆசிரியர்க்கு இவ்வினா அயலானதன்று.

நிலமும் உள்ளமும்

நிலத்துக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவைத் தமிழர்க்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பொருளை மூவகையாக வகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, அவற்றோடு மனித உணர்ச்சியைப் பிணைத்தது நம் இலக்கண மரபு. காத்திருத்தலுக்கு முல்லையும், இரங்கலுக்கு நெய்தலும் உரியவாயின. உள்ளம் உடலுக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று, அது நிற்கும் நிலத்தோடும் தொடர்புடையது என்ற தெளிவு அம்மரபில் உண்டு.

இக்காலத்து ஆய்வாளரும் வேறொரு வழியில் இதனை அணுகியுள்ளனர். 1984-ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் குறிப்பேடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுள் 23 பேரின் அறைச் சாளரம் மரங்களை நோக்கியிருந்தது. மற்ற 23 பேருக்குச் செங்கற்சுவரே காட்சி. மரங்களைக் கண்டு படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஜப்பானிய வனத்துறை 1982-ஆம் ஆண்டு 'ஷின்ரின் யோகு' என்ற தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தது. காட்டுக் குளியல் என்பது அதன் பொருள். நீரில் மூழ்குவதுபோல் காட்டின் காற்றிலும் ஒளியிலும் ஒலியிலும் மூழ்கியிருத்தலையே அது குறிக்கிறது.

இவை யாவும் இயற்கையைக் காண்பதாலும் அதனுள் இருப்பதாலும் விளையும் நன்மைகள். அதனுள் உழைப்பதால் விளையும் நன்மையும் நெடுங்காலத்துக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பார் 1796-ஆம் ஆண்டு மனநோயாளர்க்கென ஓர் இல்லம் திறந்தார். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்து வைப்பது இயல்பாகக் கருதப்பட்ட காலம் அது. அவ்வில்லத்திலோ சங்கிலி இல்லை. நோயாளர் தோட்டத்தில் உலவினர், உழைத்தனர். முற்றத்தில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. தன்னைவிட எளிய ஓர் உயிரைப் பேணும் வாய்ப்பு மனிதனுக்குள் உறங்கும் நல்லுணர்வை எழுப்பும் என்பது அவர்களது நம்பிக்கை. 1812-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் மனநோய் பற்றிய தம் நூலில் வியத்தகு செய்தியொன்றைப் பதிவு செய்தார். மருத்துவமனையில் விறகு வெட்டியும் தோட்டம் கொத்தியும் உழைத்த நோயாளர் பலர் குணமடைந்தனராம். உயர்குடிப் பிறப்பால் அவ்வேலைகளினின்று விலக்கு பெற்றவர்களோ சுவர்களுக்குள்ளேயே வாடினராம். 1990-களின் இறுதியில் இங்கிலாந்தில் வில்லியம் பேர்ட் என்னும் மருத்துவர், இயற்கைப் பாதுகாப்புத் தொண்டர் அமைப்பொன்றோடு சேர்ந்து, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பதிலாக வேலி கட்டுதல், மரம் நடுதல் முதலிய பணிகளில் மக்களை ஈடுபடுத்திய முயற்சியும் இவ்வழியில் வந்ததே.

பசுமை மட்டும் போதுமா?

ஆயினும் மலேசியத் தமிழராகிய நம்மிடம் ஒரு தடை உண்டு. பசுமை நோய் தீர்க்கும் என்றால், நம் பாட்டன் பாட்டியர்க்கு அது ஏன் தீர்க்கவில்லை? அவர்கள் பிறந்தது தோட்டத்தில், உழைத்தது மரங்களுக்கிடையே, மடிந்ததும் அம்மரங்களின் அருகிலேயே. வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறையும் என்பதால், இருள் பிரியுமுன்பே பெரட்டுக் களத்தில் நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். விடியற்காலைக் குளிரும் பறவையொலியும் பச்சிலை மணமும் அவர்களுக்கு நாள்தோறும் கிடைத்தன. இன்று பெரும்பணம் கொடுத்து மலைவிடுதியில் மக்கள் பெறும் பொருள்கள் இவையே. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தவை கொசுக்கடியும், மலேரியாக் காய்ச்சலும், முதுகு வலியும், கங்காணியின் அதட்டலுமே. மாலையில் பலர் கள்ளுக்கடையில் மறதி தேடினர்.

எனவே, பசுமை தானாக எவரையும் குணப்படுத்துவதில்லை. ஆனால் அதே தோட்டத்தில் வேறொரு காட்சியும் இருந்தது. லயத்து வீட்டின் பின்புறத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு பாத்திக் கீரை, சிலரிடம் ஒரு பசு. காலையெல்லாம் மரங்களுக்கிடையே உழன்று களைத்தவர், மாலையில் தாமாகவே வாளியெடுத்துச் சென்று அப்பாத்திகளுக்கு நீர் ஊற்றினர். எவரும் ஏவவில்லை, எவரும் கூலி தரவில்லை. காய்த்தபோது பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டுக் கீரை போயிற்று. கையும் அதே கை. மண்ணும் அதே மண். ஒன்று உயிரை உறிஞ்சியது. மற்றொன்று உயிர் தந்தது. காலையில் தொட்ட மரம் துரையுடையது; மாலையில் தொட்ட மரம் தன்னுடையது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது அவர்கள் இழந்தவற்றுள் இச்சிறு பாத்தியும் ஒன்று. எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறாத இழப்பு அது.

விருப்போடு செய்யும் உழைப்பே உள்ளத்தைத் தேற்றும் என்பது இதனால் பெறப்படும் முதல் உண்மை.

பெறுநர் கொடையாளர் ஆதல்

இரண்டாம் உண்மையைச் சுங்கை பூலோ காட்டுகிறது. 1930-ஆம் ஆண்டு அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில், மரங்களுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே சிறு வீடுகள் அமைந்த அக்குடியிருப்பு அக்காலத்து மருத்துவ அமைப்புகளுள் முற்போக்கானதாகக் கருதப்பட்டது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயரும் பெற்றது. உச்சகாலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் அங்கே வாழ்ந்தனர். எனினும் அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். சட்டம் அவர்களை ஊரினின்றும் உறவினின்றும் பிரித்து அங்கே சேர்த்தது. அங்குப் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டன. சுற்றிலும் எத்துணைப் பசுமை இருந்தாலும் அது ஒரு சிறையே.

அந்தச் சிறைக்குள் அவர்கள் செடி வளர்க்கத் தொடங்கினர். பூச்செடிகளையும் அழகுச் செடிகளையும் பயிரிட்டு விற்றனர். அந்நாற்றங்கால்கள் பெருகி, கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் செடி வாங்க நாடிச் செல்லும் இடமாயின. இன்றும் சுங்கை பூலோ என்றதும் செடிகளே பலர் நினைவுக்கு வருகின்றன. இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். எவருடைய கையைத் தொட ஊரார் அஞ்சினரோ, அவர் கை வளர்த்த செடி ஊரார் வீட்டு வாசலில் பூத்தது. அதுவரை மருந்தையும் உணவையும் இரக்கத்தையும் பெறுபவராக மட்டும் இருந்தவர், கொடுப்பவராக மாறினார்.

இங்கே மிகைபடக் கூறுதல் தவறு. தொழுநோயைத் தீர்த்தது தோட்டமன்று. சல்போன் மருந்துகளும், 1981-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையுமே அந்நோயை வென்றன. பிரிந்த குழந்தையை எந்தச் செடியும் மீட்டுத் தரவில்லை. ஆனால் நோய் நீங்குவது வேறு. நோயுற்றவர் தம்மை மீண்டும் மனிதராக உணர்வது வேறு. முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னதற்கு, "என்னாலும் ஒன்று வாழ்கிறது" என்று சொல்ல ஏதேனும் ஒன்று வேண்டும்.

கன்று கேட்கும் கேள்வி

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். தனக்காகச் செய்வது தொண்டாகுமா?

சுங்கை பூலோவுக்கு அருகிலுள்ள கெப்போங்கில் ஒரு விடை நிற்கிறது. அங்கே இன்று வானளாவ நிற்கும் காடு இயற்கையாகத் தோன்றியதன்று. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களுமாக இருந்த அவ்விடத்தில், 1926-ஆம் ஆண்டு ஃபாக்ஸ்வர்தி என்னும் வன ஆய்வாளர் தலைமையில் மரம் நடும் பணி தொடங்கிற்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. கெப்போங்கில் பாலையாய்த் திரிந்த நிலம் மனித முயற்சியால் மீண்டும் குறிஞ்சியாயிற்று. மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் அக்காட்டுப் பூங்கா 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே குழி தோண்டியவர்களுள் அறிவு வேட்கையால் உழைத்தவர் இருந்திருப்பர். கூலிக்காக மட்டும் உழைத்தவரும் இருந்திருப்பர். மரம் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. "நீ எதற்காக நட்டாய்?" என்று மரம் கேட்பதில்லை.

ஆனால் அது வேறொன்றைக் கேட்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், ஆசியக் கடற்கரைகள் பலவற்றில் அலையாத்திக் கன்றுகள் ஆர்வத்தோடு நடப்பட்டன. கடற்கரையைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, துயருற்ற மக்கள் ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்பும் அதில் கலந்திருந்தது. இலங்கையில் அவ்வாறு கன்று நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை என்று காட்டியது. அலையாத்தி எல்லாச் சேற்றிலும் வளர்வதன்று. வெள்ளம் ஏறி இறங்கும் அளவு, நீரின் உப்பு, மரத்தின் இனம் ஆகியவை பொருந்த வேண்டும். நட்ட பின்னரும் பேண வேண்டும். இவற்றைக் கருதாமல் நட்ட கன்றுகள் நட்டவர் நெஞ்சுக்கு ஒருநாள் நிறைவளித்துவிட்டுப் பட்டுப்போயின.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் விடை தெளிவாகும். தொண்டை அளக்கும் கோல், செய்பவர் எந்த நோக்கத்தோடு புறப்பட்டார் என்பதன்று. வேலை செய்யும்போது அவர் எதன் தேவைக்குக் கட்டுப்பட்டார் என்பதே. தம் மனநிறைவுக்குக் கட்டுப்பட்டவர் கன்றை நட்டதும் கைகழுவிச் செல்வார். கன்றின் தேவைக்குக் கட்டுப்பட்டவர், இவ்விடம் அதற்கு ஏற்றதா என்று கேட்பார். நண்டு கடித்ததா, அலை சாய்த்ததா என்று அடுத்த வாரமும் வந்து பார்ப்பார். அவர் தம் துயர் தீரவே முதலில் வந்தவராயினும் குற்றமில்லை. பசித்தவர் உழவுக்கு வருவதுபோல் அவர் வந்தார். வந்த இடத்தில் வேலை அவரைத் தொண்டராக்கிவிட்டது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. துயரின் கொடுமைகளுள் ஒன்று, அது மனிதனைத் தன்னையே ஓயாமல் நோக்கச் செய்வது. இழந்தவர் இழப்பையே எண்ணுகிறார். நோயுற்றவர் நோயையே எண்ணுகிறார். தன்னை மறக்க முயலும் முயற்சியும் தன்னைப் பற்றிய எண்ணமே ஆதலின் அது பயன் தருவதில்லை. ஆனால் கையில் வேர் அறுந்துவிடக்கூடிய ஓர் இளங்கன்று இருக்கும்போது, கண்ணும் மனமும் அதன் மேல் செல்கின்றன. அந்தச் சில நாழிகை, துயர் தன் பிடியைத் தளர்த்துகிறது. ஆகவே, கன்றின் நலத்துக்கு எந்தக் கவனம் தேவையோ, அந்தக் கவனமே நட்டவரின் உள்ளத்தையும் ஆற்றுகிறது. தன்னலமும் பிறர்நலமும் இவ்விடத்தில் ஒன்றோடொன்று போரிடவில்லை. தன் ஆறுதலையே குறியாகக் கொண்டு மேம்போக்காக நட்டவர் கன்றையும் இழக்கிறார், ஆறுதலையும் இழக்கிறார்.

சில எச்சரிக்கைகள்

இவ்வாறு கூறுவதால், நோயாளர் அனைவரும் மண்வெட்டி ஏந்த வேண்டும் என்பது பொருளன்று. எழுந்து நிற்கவே வலுவற்றவர்க்கு மரநிழலில் அமர்ந்திருத்தலே பெரும்பணி. உல்ரிச் ஆராய்ந்த நோயாளர் படுக்கையில் இருந்தபடியேதான் நன்மை பெற்றனர். கடும் மனநோய்க்கு மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதவை. "காட்டுக்குப் போனால் சரியாகிவிடும்" என்று சொல்லி மருந்தை நிறுத்தச் செய்வது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

மற்றோர் எச்சரிக்கை பணத்தைப் பற்றியது. அமைதி விலைக்கு விற்கப்படும்போது, மிகுதியாக நொந்தவர்க்கே அது எட்டாமற் போகிறது. சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டு ஹார்ட் பார்க் பூங்காவில் முதியோரைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட நலமளிக்கும் தோட்டம் போன்று, எவரும் நடந்து நுழையத்தக்க பொது இடங்களே இதற்கு மாற்று. நம் நாட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓரத்தில் கிடக்கும் வெற்று நிலத்தை நாலு குடும்பங்கள் கூடிக் கோத்தோங் ரோயோங் முறையில் பாத்தியாக்கினால், இழந்த லயத்துப் பாத்தியில் ஒரு பகுதியேனும் மீளும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

பள்ளித் தோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் ஒரு தலைமையாசிரியன் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைக் களை பிடுங்க அனுப்பும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்து வந்திருக்கிறது. அதனால் விளைவது யாது? மண்ணைத் தொடுவது இழிவு, அது தவறு செய்தவர்க்குரியது என்ற பாடம் அவன் உள்ளத்தில் பதிகிறது. காலையில் நிரைக்குள் அனுப்பப்பட்ட அவன் முப்பாட்டனின் கசப்பையே நாம் மீண்டும் அவனுக்கு ஊட்டுகிறோம். நாளை அவன் வாழ்வில் பெருந்துயர் வரும். அன்று மண் அவனை அழைத்தாலும் அவன் போகமாட்டான். அவ்வழியை நாமே அடைத்துவிட்டோம்.

இதற்கு மாறாக, ஆண்டின் தொடக்கத்தில் மாணவன் தானே ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கட்டும். அது எவ்வளவு உயரம் வளர்ந்தது என்பதற்கு மதிப்பெண் இட வேண்டா. பள்ளி விடுமுறையில் அதற்கு யார் நீர் ஊற்றுவது என்பதை மாணவர்களே கூடி முடிவு செய்யட்டும். அம்முடிவில் அடங்கியுள்ள அறக்கல்வி பத்து நன்னெறிப் பாடங்களுக்கு ஈடாகும். செடி பட்டுப்போனால் கடிந்துகொள்ளாமல், ஏன் பட்டது என்று அவனோடு அமர்ந்து ஆராய்வோம். வீட்டில் தாயை இழந்த சிறுவனோ, பெற்றோர் பிரிந்த சிறுமியோ வகுப்பில் வாய் திறவாமல் இருக்கலாம். "பேசு" என்று நாம் அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. பூவாளியைக் கையில் கொடுத்து, "இந்தக் கத்தரிச் செடி வாடியிருக்கிறது, என்னவென்று பார்" என்று சொன்னால் போதும். அதற்கு உதவி தேவைப்படுகிறது என்பது உண்மையாக இருக்க வேண்டும். குழந்தைகள் பொய்யை அறிவர்.

தன் துயர் தீர வேண்டும் என்று வருபவரை நாம் ஐயுற வேண்டா; அவர் நாணவும் வேண்டா. வந்தவரிடம் நாம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: "அடுத்த வாரமும் வந்து பார்ப்பீர்களா?" ஆம் என்று சொல்லி, சொன்னவாறே வருபவர் தொண்டர். அவருடைய புண்ணும் அக்கன்றும் ஒருங்கே தேறும் என்று நம்புவதற்கு இடமுண்டு.